இரண்டாவது குழி

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் குளிர்காலம் முழுக்க ஒரு தாள் தொங்கும். ஜனவரி கடைசி ஞாயிறன்று அதில் எழுதியிருந்தது இது: ‘பெர்த்தட் பாஸ், மேற்குப் பக்கம். இரண்டு பேர். 2 மணிக்குள் கூப்பிடுவேன். 4 மணி தாண்டியும் போன் வரவில்லை என்றால் 911.’ என் கணவர் பனியில் கால் வைக்கிற ஆள் இல்லை. ஞாயிறு என்றால் பத்து மணி வரை தூங்குவார். ஆனால் எழுந்ததும் அந்தத் தாளைப் படித்துவிடுவார். படித்ததற்கு அடையாளமாக ஓரத்தில் ஒரு டிக். எட்டு வருடமாக இதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

கோவில்பட்டிக்காரிக்குப் பனியோடு என்ன சகவாசம் என்று ஊரில் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். வேலைக்காக டென்வர் வந்தேன். 34 வயதில் ஒரு ரிசார்ட்டில் ஐந்து வயதுக் குழந்தைகளோடு சேர்ந்து விழுந்து விழுந்து ஸ்கீயிங் கற்றேன். அப்புறம் டிக்கெட் விலையும் லிஃப்ட் வரிசையும் அலுத்துப்போய் பேக்கன்ட்ரி பக்கம் ஒதுங்கினேன். அங்கே லிஃப்ட் கிடையாது. ஸ்கீயின் அடியில் ‘ஸ்கின்’ என்கிற பட்டையை ஒட்டிக்கொண்டு சொந்தக் காலில் மலை ஏற வேண்டும். மேலே போனதும் அதை உரித்துப் பைக்குள் வைத்துவிட்டு இறங்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஏறினால் ஆறு நிமிடம் இறக்கம். கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான்.

ரிசார்ட்டில் நாம் போவதற்கு முன்பே ஆட்கள் வெடி வைத்து, பெயரக்கூடிய பனியைப் பெயர்த்துத் தள்ளியிருப்பார்கள். பேக்கன்ட்ரியில் அப்படி யாரும் இல்லை. இந்தச் சரிவு நிற்குமா, ஏறி நின்றால் நம்மோடு சேர்ந்து கீழே வருமா என்று நாமேதான் பதம் பார்க்க வேண்டும். பதம் என்றதும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வரும். கரண்டியில் ஒரு பருக்கை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கி, ‘வடிச்சிரலாம்’ என்பாள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். இந்தப் பழமொழியை நம்பி மலைக்குப் போகக்கூடாது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வேலை முந்தின நாள் சாயங்காலமே தொடங்கிவிடும். கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் தினமும் மாலை 4:30-க்கு மறுநாளைக்கான முன்னறிவிப்பை வெளியிடும். அபாயம் 1 முதல் 5 வரை. அதிகம் பேர் சாவது நாலிலும் ஐந்திலும் இல்லை, மூன்றில். ஐந்து என்றால் எல்லாரும் வீட்டில் இருந்துவிடுவார்கள். மூன்று என்பது புயல் ஓய்ந்து, வெயில் அடித்து, புதுப்பனி மின்னுகிற நாள். மனசு நிற்காது.

அந்த ஞாயிற்றுக்கு மரங்கள் முடிகிற உயரத்தை ஒட்டியும் அதற்கு மேலும் அபாயம் 3, கீழே காட்டுக்குள் 2. வடக்கும் கிழக்கும் பார்த்த சரிவுகளில் ‘நாள்பட்ட பாளம்’ பிரச்சினை, அதாவது பலமில்லாத பழைய அடுக்கின் மேல் இறுகிக் கிடக்கிற பனி. பெர்த்தட் கணவாயில் ஸ்னோடெல் என்று ஒரு தானியங்கி நிலையம் இருக்கிறது. பனியின் உயரத்தோடு, அதை உருக்கினால் எவ்வளவு தண்ணீர் என்பதையும் அது காட்டும். எனக்கு அந்த இரண்டாவது எண்தான் முக்கியம். மூன்று நாளில் 28 மில்லிமீட்டர் தண்ணீர். அதாவது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 28 கிலோ. ஒரு சிப்பம் அரிசிக்கும் கொஞ்சம் கூட. மலை முழுக்க மீட்டருக்கு மீட்டர் ஒரு சிப்பத்தை இறக்கி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருப்பது தாங்குமா என்பதுதான் கேள்வி.

அடியில் இருப்பது என்ன என்று சொல்ல வேண்டும். கொலராடோவின் சாபமே அதுதான். கடலோர மலைகளில் பனி ஏராளமாக விழும், குளிரும் கடுமையாக இருக்காது. விழுந்தது அழுந்தி இறுகிவிடும். இங்கே அக்டோபரில் கொஞ்சம் விழும், அப்புறம் வாரக்கணக்கில் வானம் தெளிந்து கிடக்கும், இரவில் குளிர் கொல்லும். பனிக்கு அடியில் தரை சுமார் 0 டிகிரியிலேயே இருக்கும். மேல்பரப்பு மைனஸ் 20. நடுவில் 60 சென்டிமீட்டர் பனிதான் என்றால் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம். 1 டிகிரி வித்தியாசம் இருந்தாலே வினை தொடங்கிவிடும். கீழே உள்ள சூடான பனியிலிருந்து ஆவி மேலே ஏறி அடுத்த துகளில் போய் ஒட்டும். இட்லிப் பானைக்குள் ஆவி ஏறி மூடியில் கோக்கிற மாதிரிதான். ஆனால் இங்கே நீராகக் கோக்காமல் படிகமாக வளரும். துகளும் துகளும் பிடித்திருந்த பிடி விட்டுப்போய், முனை முனையாகப் பெரிய மணிகள் ஆகிவிடும். கையில் அள்ளினால் சீனி மாதிரி விரலிடுக்கில் ஓடிவிடும். நல்ல பனி புட்டு மாவு மாதிரி, பிடித்தால் பிடிபடும். இதை உருண்டை பிடிக்கவே முடியாது. இதற்கு டெப்த் ஹோர் என்று பெயர். நான் சொத்தை அடுக்கு என்பேன்.

சொத்தை தனியாக இருந்தால் பாதகம் இல்லை. அதன் மேல் காற்று அடித்துச் சேர்த்த பனி இறுகிப் பாளமாகும்போதுதான் வினை. சீனி கொட்டிய மேசையில் பலகையைச் சாய்த்து வைத்த கதை. ஓர் ஆள் எடையில் சொத்தை ஓரிடத்தில் நொறுங்கினால் போதும், நொறுங்கல் பாளத்தின் அடியிலேயே ஓடி, மைதானம் அளவுக்கு ஒரே நேரத்தில் பெயர்ந்துவிடும். உயிர் குடித்த பனிச்சரிவுகளில் பத்துக்கு ஒன்பதைக் கிளப்பிவிட்டது சிக்கியவரோ, கூட வந்தவரோதான். 2020-21 குளிர்காலத்தில் அமெரிக்காவில் 37 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள், 12 பேர் எங்கள் மாநிலத்தில்.

சரி, ஞாயிற்றுக்கு வருகிறேன். கூட வந்தவர் என் அலுவலகத்துக்காரர், இந்த மலைகளில் 20 வருடமாகச் சறுக்குகிறவர். அவர் தமிழ் படிக்கப்போவதில்லை என்றாலும் பெயர் வேண்டாம். கணவாய் உச்சி 11,307 அடி. ஏழு மணிக்கு மைனஸ் 17. காரை விட்டு இறங்கியதும் பீக்கன் சோதனை. மார்போடு கட்டிக்கொள்கிற சின்ன ரேடியோ அது, 457 கிலோஹெர்ட்ஸில் விடாமல் துடித்துக்கொண்டிருக்கும். புதைந்தால் மற்றவர் தன்னுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றிக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், அரை மணி ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர்தான். மீட்புக் குழு வரும் கதையெல்லாம் இல்லை. கூட வந்தவர்தான் மீட்புக் குழு. அதனால் பையில் தோண்ட ஷவலும், புதைந்தவரைக் குத்தித் தேடப் புரோப் கம்பியும் இல்லாதவரோடு நான் போவதில்லை. அப்புறம் கடலைமிட்டாய். எனர்ஜி பார் குளிரில் கல்லாகிவிடும். கடலைமிட்டாய் எப்போதுமே கல்தான், அதனால் ஏமாற்றம் இல்லை.

காட்டுக்குள் ஏறும்போது காதைத் தீட்டிக்கொண்டே போனேன். சொத்தை நொறுங்கினால் காலடியில் ‘வூம்ஃப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பூமி பெருமூச்சு விட்ட மாதிரி இருக்கும், வயிறு ஒரு நொடி கீழே இறங்கும். அது கேட்டால் வேறு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை, செங்குத்துப் பக்கமே போகக்கூடாது. அன்றைக்குக் கேட்கவில்லை. ஸ்கீயின் முனையிலிருந்து விரிசல் ஓடவில்லை. எதிரே புதிதாகப் பெயர்ந்த தடமும் இல்லை. கெட்ட சகுனம் எதுவும் இல்லாததே ஒரு மயக்கம் என்பது இப்போது புரிகிறது.

நாங்கள் பார்த்து வைத்திருந்த சரிவு வடகிழக்கு பார்த்தது, 36 டிகிரி. பாளம் பெயர்வது பெரும்பாலும் 30-க்கும் 45-க்கும் இடையில்தான், அதிலும் 38-ஐ ஒட்டி அதிகம். சறுக்குவதற்கு இன்பமானதும் அதே சாய்வுதான். கடவுளின் குசும்பு.

மரங்கள் முடிகிற இடத்தில், அதே திசை பார்த்த ஒரு சின்ன மேட்டில் குழி வெட்டினோம். பெயர்ந்தாலும் எங்கும் இழுத்துப்போகாத மேடு. 105 சென்டிமீட்டரில் புல் தெரிந்தது. குழியின் மேற்சுவரைச் செதுக்கி மட்டமாக்கினால் பனியின் ஜாதகம் அப்படியே தெரியும். கையுறையோடு, மடக்கிய கை முட்டியால் அமுக்கிப் பார்க்க வேண்டும். முட்டி போனால் மிக இளக்கம். அடுத்தது நாலு விரல், ஒரு விரல், பென்சில், கடைசியில் கத்தி. மேலே 30 சென்டிமீட்டர் முட்டி போனது, அந்த வாரத்துப் பனி. அதற்குக் கீழே ஒரு விரல்தான் போகிற பாளம், அப்புறம் பென்சில். அடியில் 35 சென்டிமீட்டருக்கு நாலு விரல். சீனிதான், ஆனால் கொஞ்சம் பிடிக்கத் தொடங்கிய சீனி. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது.

அடுத்து இ.சி.டி. (எக்ஸ்டெண்டட் காலம் டெஸ்ட்) என்கிற தூண் சோதனை. சரிவின் குறுக்கே 90 சென்டிமீட்டர், மேல்நோக்கி 30 சென்டிமீட்டர் அளவில் ஒரு பனித்தூணைத் தனியாகப் பிரிக்க வேண்டும். பின்பக்கத்தை முடிச்சுப் போட்ட கயிற்றால் அறுத்துவிட வேண்டும். ஒரு முனையில் ஷவலைக் கவிழ்த்து வைத்துத் தட்ட வேண்டும்: மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. தட்டுகிற இடத்தில் உடைவது பெரிதல்ல. உடைசல் தூணின் மறுமுனை வரைக்கும் ஓடுகிறதா என்பதுதான் விஷயம். ஓடினால் பாளம் முழுக்க ஓடும்.

24-ஆவது தட்டில் ஷவலுக்கு அடியில் மட்டும் லேசாக ஒரு கோடு விழுந்தது. மறுமுனைக்குப் போகவில்லை. 30 தட்டியும் தூண் நின்றது.

“பாறை மாதிரி இருக்கிறது” என்றார் நண்பர். ஷவலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

சரியாக அந்த நேரத்தில் எங்களுக்கு மேலே இரண்டு பேர் தெரிந்தார்கள். நாங்கள் இறங்க நினைத்த அதே சரிவில் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். கோலம் போட்ட மாதிரி இரண்டு வளைகோடுகள், ஒன்றோடு ஒன்று இழையாமல். கீழே போய் நின்று எங்களைப் பார்த்துக் கம்பை ஆட்டினார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். இயன் மெக்கேமன் என்ற ஆய்வாளர் 2004-இல் பழைய விபத்துகளை அலசி, பயிற்சி பெற்றவர்களும் எந்தெந்த மனக்கண்ணியில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று எழுதினார். பழக்கப்பட்ட இடம், குழுவில் அனுபவசாலி ஒருவர், பக்கத்தில் மற்றவர்கள் போவது, புதுப்பனிக்கான போட்டி. நான்கும் அந்த மேட்டில் எங்கள் பக்கத்திலேயே நின்றன. படித்திருந்தும் நான் ஸ்கின்னை உரிக்கத் தொடங்கிவிட்டேன்.

இரண்டாவது குழி என் புத்திசாலித்தனத்தால் வந்தது இல்லை. நண்பருடைய பூட்ஸ் பக்கிள் ஒன்று உறைந்துபோய் மாட்டமாட்டேன் என்றது. அவர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, சும்மா நின்றால் குளிருமே என்று புரோப் கம்பியைப் பூட்டி அங்கங்கே குத்திக்கொண்டு நடந்தேன். அரிசிக் கடையில் மூட்டைக்குள் குத்தூசி விட்டுப் பார்ப்பார்களே, அது மாதிரி. பன்னிரண்டு மீட்டர் தள்ளி ஒரு பாறை முனையும் பக்கத்தில் குட்டையான இரண்டு ஃபிர் மரங்களும் இருந்தன. அங்கே குத்தியதும் கம்பி பாதி தூரம் முரண்டு பிடித்தது, அப்புறம் ஒன்றுமே இல்லாத மாதிரி விழுந்தது. தரை தட்டியது 75 சென்டிமீட்டரில்.

“இன்னொன்று வெட்டட்டுமா?” என்றேன்.

“இப்போதுதானே வெட்டினோம்” என்றார்.

வெட்டினேன். அடிச்சுவரை விரலால் தொட்டதும் உதிர்ந்து கொட்டியது. ஒரு மணியைக் கையுறை மேல் வைத்துப் பார்த்தேன். கோடு கோடாகப் பள்ளம் விழுந்த குட்டிக் கிண்ணம், கற்கண்டுச் சில் மாதிரி பளபளப்பு. பார்க்க அவ்வளவு அழகு. தூணைப் பிரித்துத் தட்டினேன். மணிக்கட்டில் 10, ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் ஒன்று. இரண்டாவது தட்டில், மொத்தத்தில் 12-ஆவதில், 90 சென்டிமீட்டரும் ஒரே வெட்டாக அறுந்து, பீரோ டிராயரை யாரோ உள்ளிருந்து தள்ளின மாதிரி என் மடிமேல் வந்து உட்கார்ந்தது. அறுந்த முகம் அவ்வளவு நேராக இருந்தது. நண்பர் பக்கிளை விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

இடையில் பன்னிரண்டே மீட்டர். ஒரே சரிவு, ஒரே சாய்வு, ஒரே புயல். பாறை, மரம் இருக்கிற இடத்தில் பனி மெலிந்து கிடக்கும். மெலிந்த இடத்தில் அதே 20 டிகிரி வித்தியாசம் குறைந்த உயரத்துக்குள் அடங்க வேண்டும், அதனால் சொத்தை அங்கே இன்னும் வேகமாக விளையும். நாங்கள் இறங்க இருந்த சரிவின் நடுவில் அந்த மாதிரி பாறை முனைகள் எத்தனை புதைந்திருக்கின்றன என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. அந்த இரண்டு பேர் ஒன்றின் மீதும் ஏறாமல் போயிருக்கலாம். நான் ஏறியிருக்கலாம். பானைக்குள் எல்லாப் பருக்கையும் ஒரே தண்ணீரில் ஒரே கொதியில் வேகிறது, அதனால் ஒன்று போதும். பனி அப்படி வேகவில்லை. குழி ‘வேண்டாம்’ என்றால் நம்பலாம், ‘போ’ என்றால் நம்பக்கூடாது என்று வகுப்பில் எழுதிக்கொண்டதுதான். நோட்டில் அடிக்கோடு கூடப் போட்டிருக்கிறேன்.

“இரண்டு குழி, ஆளுக்கு ஒன்று சொல்கிறது” என்றார் நண்பர். “இரண்டு பேர் இறங்கியும் இருக்கிறார்கள்.”

“எனக்குப் பிடிக்கவில்லை” என்றேன்.

எங்கள் விதி, ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் திரும்ப வேண்டும். அவர் கேட்கவில்லை. ஆனால் முகம் சுருங்கிவிட்டது. வந்த வழியே காட்டுக்குள் 25 டிகிரிக்குள் இறங்கினோம். முழங்கால் அளவு நல்ல பனி. ஆறு நிமிடம் நான்கானது. 1:20-க்கு வீட்டுக்குப் போன் செய்தேன். “டிக்” என்றார் கணவர்.

காரில் அதிகம் பேசவில்லை. எம்பயர் என்கிற சின்ன ஊர் தாண்டி ஐ-70 சாலை வரும். கிழக்கே டென்வர், மேற்கே லவ்லாண்ட் பாஸ். லவ்லாண்ட் பக்கத்தில் ஷீப் கிரீக்கில் 2013 ஏப்ரல் 20 அன்று ஆறு பேர் சிக்கி ஐந்து பேர் இறந்தார்கள். எல்லாரும் அனுபவசாலிகள். முன்னறிவிப்பு படித்தவர்கள், ஆபத்தான சரிவு எது என்று தெரிந்தவர்கள். அதில் சறுக்கக்கூட இல்லை. பாதுகாப்பான இடத்துக்குப் போவதற்காக அதன் அடிவாரத்தைக் கடந்தபோது மேலிருந்து மொத்தமும் பெயர்ந்து வந்தது. அடியிலிருந்து மிதித்தாலும் சொத்தை மேலே வரை ஓடும். அந்தத் திருப்பம் வரும்போதெல்லாம் எனக்கு வாய் அடைத்துவிடும். நண்பர் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி இரண்டு குழிகளின் விவரத்தையும் தகவல் மையத்துக்கு அனுப்பினேன். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், அவர்கள் படிக்கிறார்கள். அடுத்த ஞாயிறு நண்பர் தனியாக அந்தப் பக்கம் காரில் போனவர் ஒரு படம் அனுப்பினார். அதே சரிவு. அந்த இரண்டு வளைகோடுகளும் காற்றில் மங்கி, ஆனால் அப்படியே இருந்தன. பெயரவே இல்லை. கீழே ஒரு சிரிப்பு பொம்மை. என்ன பதில் போடுவது என்று தெரியாமல் கட்டைவிரலைத் தட்டிவிட்டேன். நான் நிஜமாகவே தப்பித்தேனா, வீணாக ஒரு நல்ல இறக்கத்தை விட்டேனா என்பதற்கு அந்தப் படத்தில் பதில் இல்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்வதில்லை, பயந்துவிடுவாள். ஆனால் அந்த ஞாயிறு சாயங்காலம், அவளுக்கு அது திங்கள் விடியற்காலை, போனில் பனியை விட்டுவிட்டுப் பழமொழியை மட்டும் கேட்டேன். “ஏம்மா, ஒரு சோறு பார்த்தா போதும்னு எப்படி நம்புறது?”

“ஏட்டி, அது குக்கர் வர்றதுக்கு முன்னாடி சின்னப் பானைக்குச் சொன்னது. கொடைக்குப் பொங்குற அண்டான்னா ஒண்ணு பத்தாது. அடியில ஒண்ணு, ஓரத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணு எடுப்போம். ஓரம் எப்பவும் வேகாது.” அப்புறம், “நீ சோறு வடிக்கியா? அந்த ஊர்ல ரைஸ் குக்கர் இல்லையா?”

“இருக்கும்மா.”

“அப்புறம் என்ன. வைக்கேன், அடுப்புல பால் இருக்கு.”